பம்பைத் தின்னும் குமிழிகள்: கேவிடேஷன் ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பம்பு வாங்குபவர்கள், பழுது பார்ப்பவர்கள், இயந்திரப் பொறியியல் மாணவர்கள் என்று பலரும் கேவிடேஷன் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். நூறு ஆண்டுக்கும் மேலாக இதில் ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் அதன் முக்கியமான முடிவு ஒன்று பட்டறைக்கும் வயலுக்கும் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. பம்பு தண்ணீரை நன்றாகத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இம்பெல்லர், அதாவது தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இறக்கைச் சக்கரம், அரிபட்டுக்கொண்டிருக்கலாம் என்பதுதான் அது. கீழே உள்ள பதில்கள் பலவும் அந்த இடத்துக்கே வந்து சேரும்.

கேவிடேஷன் என்றால் என்ன?

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல் மட்டக் காற்றழுத்தத்துக்கு உரிய கணக்கு. அழுத்தம் குறையக் குறைய, கொதிக்கும் வெப்பநிலையும் குறையும். 30 டிகிரியில் இருக்கும் சாதாரணக் கிணற்றுத் தண்ணீர்கூட, அழுத்தம் சுமார் 0.042 பாருக்கு (1 பார் என்பது ஏறக்குறைய கடல் மட்டக் காற்றழுத்தம்) இறங்கினால் கொதிக்கத் தொடங்கிவிடும். இந்த அளவைத்தான் ஆவியழுத்தம் என்கிறோம்.

இம்பெல்லர் இறக்கையின் நுழைவு விளிம்பைச் சுற்றித் தண்ணீர் திரும்பும்போது, அந்தச் சின்ன இடத்தில் மட்டும் வேகம் கூடும், அழுத்தம் விழும். ஆவியழுத்தத்துக்குக் கீழே போனால் அங்கே குமிழிகள் பிறக்கும். கொஞ்ச தூரம் தாண்டியதும் அழுத்தம் மறுபடி ஏறும். குமிழிகள் நொறுங்கி மறையும். பிறப்பதும் நொறுங்குவதும் சேர்ந்ததுதான் கேவிடேஷன். பிறக்கும் இடத்தில் சேதம் இருக்காது, நொறுங்கும் இடத்தில்தான் இருக்கும். அதனால்தான் குழிகள் விளிம்பிலேயே இல்லாமல் சற்றுத் தள்ளி விழுகின்றன.

இதை முதலில் கவனித்தது யார்?

பம்புக்காரர்களுக்கு முன்னால் கப்பல்காரர்களுக்குத்தான் இந்தத் தலைவலி வந்தது. 1893இல் பிரிட்டிஷ் கடற்படையின் டேரிங் என்ற கப்பல், எஞ்சினில் போதிய சக்தி இருந்தும் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. ப்ரொப்பெல்லரைச் சுற்றி ஆவி நிறைந்துபோவதே காரணம் என்று தோர்னிகிராஃப்டும் பார்னபியும் கண்டார்கள். மறு ஆண்டு ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ், நடுவில் ஒடுங்கிய ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, சாதாரண வெப்பநிலையிலேயே அது கொதிப்பதைக் காட்டினார்.

சார்லஸ் பார்சன்ஸின் டர்பினியா என்ற படகும் முதலில் இதே சிக்கலில் மாட்டியது. அவர் 1895இல் ஒரு சிறிய மூடிய நீர்த்தொட்டி செய்து, அதில் குட்டி ப்ரொப்பெல்லரைச் சுழலவிட்டு, விட்டுவிட்டு அடிக்கும் வெளிச்சத்தில் குமிழிகளைப் பார்த்தார். இன்றைய கேவிடேஷன் டனல்களுக்கெல்லாம், அதாவது மூடிய நீரோட்டச் சோதனைக் குழாய்களுக்கெல்லாம், அதுதான் மூதாதை. பிறகு மூன்று தண்டுகளில் ஒன்பது ப்ரொப்பெல்லர்களாகப் பளுவைப் பிரித்துக் கொடுத்தார். 1897இல் டர்பினியா 34 நாட் வேகம் வரை ஓடியது. ஒரே இடத்தில் அளவுக்கு மீறிப் பளுவை ஏற்றாதே என்ற அந்தத் தீர்வு, இன்றும் பம்பு வடிவமைப்பில் முதல் விதி.

வெறும் ஆவிக் குமிழி எப்படி எஃகில் குழி போடும்?

இந்தக் கேள்விக்கு முதலில் கணக்குப் போட்டவர் லார்டு ராலே, 1917இல். சுற்றியுள்ள தண்ணீர் எல்லாத் திசையிலிருந்தும் பாய்ந்து குமிழியை நசுக்கும்போது எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு அழுத்தம் எழும் என்று பார்த்தார். அவருடைய சூத்திரத்தில் போட்டால், 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி 1 பார் அழுத்த வேறுபாட்டில் நொறுங்க ஏறக்குறைய 92 மைக்ரோ விநாடிதான் ஆகும். ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு சுருங்கிய நேரத்தில் தண்ணீரின் வேகம் முழுவதும் ஒரு புள்ளியில் குவிகிறது.

ராலே எடுத்துக்கொண்டது முழு உருண்டைக் குமிழி. சுவருக்குப் பக்கத்தில் இருக்கும் குமிழி அப்படி நொறுங்காது. சுவர்ப் பக்கம் தண்ணீர் வர இடமில்லை, எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டும் வேகமாக வரும். அதனால் குமிழியின் முதுகு உள்ளே குழிந்து, மெல்லிய நீர்த்தாரையாக அதைத் துளைத்துக்கொண்டு சுவரில் மோதும். இப்படி நடக்கலாம் என்று 1944இல் கோர்ன்ஃபெல்டும் சுவோரோவும் ஊகித்தார்கள். 1961இல் நௌதேயும் எல்லிஸும் சோதனையில் காட்டினார்கள். 1971இல் பிளெசெட்டும் சாப்மனும் கணினியில் கணக்கிட்டபோது, சாதாரணக் காற்றழுத்தத்திலேயே தாரையின் வேகம் விநாடிக்கு 130 மீட்டர் அளவுக்கு வந்தது.

விநாடிக்கு 100 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். தண்ணீரின் அடர்த்தி, அதில் ஒலி செல்லும் வேகம், தாரையின் வேகம் மூன்றையும் பெருக்கினால் மோதும் கணத்தின் அழுத்தம் கிடைக்கும்: சுமார் 1500 பார். ஒரு அடி தாங்கலாம். ஒரே இடத்தில் லட்சக்கணக்கில் விழுந்தால் உலோகம் களைத்து, துணுக்குத் துணுக்காக உதிரும். கழற்றிய இம்பெல்லரை விரலால் தடவினால் வித்தியாசம் உடனே தெரியும். மணல் தேய்த்த பரப்பு வழுவழுப்பாக, ஓட்டத்தின் திசையில் கோடு கோடாக இருக்கும். கேவிடேஷன் தின்ற பரப்பு சொரசொரப்பாக, விரலில் குத்தும்படி துளை துளையாக இருக்கும்.

அடி தாரையிலிருந்து வருகிறதா, நொறுங்கும்போது கிளம்பும் அதிர்வலையிலிருந்து வருகிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. இரண்டுக்கும் பங்கு உண்டு என்பதே பெரும்பாலோர் கருத்து.

என்பிஎஸ்எச் என்று பட்டியலில் போடுகிறார்களே, அது என்ன?

நெட் பாசிட்டிவ் சக்சன் ஹெட் என்பதன் சுருக்கம். பம்பின் வாசலில் தண்ணீருக்கு, கொதிக்காமல் இருக்க மிச்சம் உள்ள அழுத்தம். தண்ணீர்த் தூணின் உயரமாக, மீட்டரில் சொல்வார்கள். நம்முடைய அமைப்பு கொடுப்பது ஒன்று, பம்பு கேட்பது இன்னொன்று. கொடுப்பது, கேட்பதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும்.

கேட்கும் அளவுக்கு மேலே கொடுத்தால் கேவிடேஷன் இருக்காது அல்லவா?

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. பட்டியலில் இருக்கும் எண் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். சோதனைக் கூடத்தில் பம்பை ஒரே ஓட்டத்தில் ஓடவிட்டு, சக்சன் பக்க (தண்ணீரை உறிஞ்சும் பக்க) அழுத்தத்தை மெதுவாகக் குறைப்பார்கள். முதலில் ஹெட், அதாவது பம்பு தண்ணீரை ஏற்றும் உயரம், மாறவே மாறாது. ஒரு கட்டத்தில் சரியத் தொடங்கும். 3 சதவீதம் சரிந்த இடத்தைக் குறித்து, அதையே பம்பு கேட்கும் என்பிஎஸ்எச் என்று அச்சடிப்பார்கள்.

அதாவது, அந்த எண்ணில் பம்பு ஏற்கெனவே முழுக் கேவிடேஷனில் இருக்கிறது. தண்ணீர் போகும் வழியில் ஒரு பங்கை ஆவி அடைத்துக்கொண்டதால்தான் ஹெட்டே விழுந்தது. முதல் குமிழி தோன்றும் நிலை இதற்கு வெகு முன்னால் வந்துவிடும். அந்தத் தொடக்க நிலைக்கு, பட்டியல் எண்ணைப் போல 2 மடங்கிலிருந்து, சில வடிவமைப்புகளில் 20 மடங்கு வரை அழுத்தம் தேவைப்படலாம். இடைப்பட்ட அந்த நீண்ட பகுதியில் ஹெட் குறையாது, ஓட்டம் குறையாது, மீட்டர்களில் எதுவும் தெரியாது. ஆனால் உலோகம் உதிர்ந்துகொண்டிருக்கும். அரிப்பு உச்சத்துக்குப் போவதும் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான்.

3 சதவீதம் என்ற அளவுகோலைக் குறை சொல்லவில்லை. அளக்க எளிது, எந்தக் கூடத்தில் அளந்தாலும் ஒப்பிடலாம். ஆனால் அது பம்பின் வேலைத்திறனுக்கான அளவுகோல், ஆயுளுக்கானது கிடையாது. ஆயுளும் வேண்டுமென்றால் இடைவெளி விட வேண்டும். எவ்வளவு என்பது வேகம், உலோகம், திரவம் மூன்றையும் பொறுத்தது. சிறிய, மெதுவாகச் சுற்றும் பம்புக்கு ஒரு மீட்டர் போதலாம். வேகமான பெரிய பம்புக்கு இரண்டு மடங்கும் போதாமல் போகலாம்.

அப்படியானால், மிகக் குறைந்த என்பிஎஸ்எச் கேட்கும் பம்பாகப் பார்த்து வாங்கினால் சரியா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த எண்ணைக் குறைக்க வடிவமைப்பாளர் இம்பெல்லரின் கண்ணை, அதாவது தண்ணீர் நுழையும் நடுத் துளையை, அகலமாக்குவார். அகலமான கண் முழு ஓட்டத்தில் நன்றாக இருக்கும். ஓட்டம் குறைந்தால், உள்ளே போன தண்ணீர் வாசலிலேயே சுழன்று திரும்பி வெளியே வரும். அந்தச் சுழல்களின் மையத்தில் அழுத்தம் விழுந்து, அங்கேயும் கேவிடேஷன் பிறக்கும். 1981இல் வாரன் ஃப்ரேசர் இந்த மறுசுழற்சியைப் பற்றி விரிவாக எழுதினார்.

மறு ஆண்டு ஹாலம் என்ற பொறியாளர், அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 480 பம்புகள் ஐந்து ஆண்டுகளில் எப்படிப் பழுதாயின என்ற பதிவுகளை அலசி வெளியிட்டார். சக்சன் திறனைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. சக்சன் ஸ்பெசிஃபிக் ஸ்பீடு என்பார்கள். அமெரிக்க அலகில் அது 11,000ஐத் தாண்டிய பம்புகள், மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அடிக்கடி பழுதாகியிருந்தன. குறைந்த என்பிஎஸ்எச் கேட்கும் ‘நல்ல’ பம்புகள்தான் அவை!

அந்த 11,000ஐ இன்று வேதவாக்காகப் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. வடிவமைப்பு அதற்குப் பிறகு முன்னேறியிருக்கிறது. பம்பு அதன் சிறந்த செயல்திறன் புள்ளிக்குப் பக்கத்திலேயே எப்போதும் ஓடுமானால் கவலை குறைவு. ஹாலமின் வேலையில் எனக்குப் பிடித்தது வேறு. அவர் புது இயந்திரம் எதுவும் கட்டவில்லை. பராமரிப்புப் பதிவேட்டைப் பொறுமையாகப் படித்தார். நம் ஊர் ஆலைகளிலும் குடிநீர் நிலையங்களிலும் இப்படிப் படிக்கப்படாத பதிவேடுகள் எத்தனையோ இருக்கும்.

இரண்டு வகைச் சேதத்தையும் பிரித்துச் சொல்ல முடியுமா?

முடியும். இம்பெல்லரைக் கழற்றி, கண் பக்கமாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியும் இறக்கைப் பரப்பில் குழிகள் இருந்தால், சக்சனில் அழுத்தம் போதவில்லை. முன்பக்கம் சுத்தமாக இருந்து, இறக்கையின் மறைவான பின்பரப்பில் குழிகள் இருந்தால், பம்பு மிகக் குறைந்த ஓட்டத்தில் ஓடியிருக்கிறது, மறுசுழற்சி தின்றிருக்கிறது. இதைப் பார்க்கச் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் போதும். கண்ணாடி வைத்துப் பார்க்காமல் ‘இம்பெல்லர் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று மறுபடி மாட்டிவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

ஓடும்போதே தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. டெலிவரி (வெளியேறும் பக்க) வால்வைக் கொஞ்சம் மூடுங்கள். சத்தம் குறைந்தால் முதல் வகை, கூடினால் இரண்டாம் வகை. சக்சன் வால்வை மட்டும் ஒருபோதும் மூடிப் பார்க்காதீர்கள்.

கோடையில் கிணற்று நீர் இறங்கியதும் பம்பு ஏன் சல்லிக்கல் உருள்வது போலச் சத்தம் போடுகிறது?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரமுள்ள கோயம்புத்தூர்ப் பக்கத்தில், காற்றழுத்தம் தண்ணீர்க் கணக்கில் சுமார் 9.9 மீட்டர். 30 டிகிரியில் ஆவியழுத்தத்துக்கு 0.4 மீட்டர் கழியும். மோட்டாரிலிருந்து நீர்மட்டம் 5 மீட்டர் கீழே, சக்சன் குழாயிலும் அதன் அடியில் உள்ள புட் வால்விலும் இழப்பு 1 மீட்டர் என்றால், மிச்சம் 3.5 மீட்டர். பம்பு கேட்பது 3 மீட்டர் என்றால் ஓடும். நீர்மட்டம் இன்னும் 2 மீட்டர் இறங்கட்டும். மிச்சம் 1.5 மீட்டர்தான். குமிழிகள் நொறுங்கும் சத்தத்தைத்தான் கேட்கிறீர்கள்.

இதே அமைப்பை ஊட்டிக்குக் கொண்டுபோனால், 2200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 7.9 மீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். கோடையே வேண்டாம், முதல் நாளே சத்தம் வரும்.

நீர்மட்டம் இறங்கும்போது, மோட்டாரும் பம்பும் ஒன்றாக உள்ள மோனோபிளாக்கைக் கிணற்றுக்குள் அடுத்த திட்டுக்கு இறக்கி வைக்கும் பழைய வழக்கம், ஆய்வு சொல்லும் தீர்வேதான். அது முடியாதபோது சக்சன் குழாயைப் பாருங்கள். இரண்டரை அங்குலக் குழாயை மூன்று அங்குலமாக்கினால், அதே ஓட்டத்தில் உராய்வு இழப்பு ஏறக்குறைய 40 சதவீதத்துக்குச் சுருங்கிவிடும். பம்பின் வாசலில், அகலக் குழாயைக் குறுகிய வாயோடு இணைக்கும் ரெடியூசர் போடும்போது, ஒருபக்கம் தட்டையானதாக வாங்கி, தட்டைப் பக்கம் மேலே வரும்படி மாட்டுங்கள். தலைகீழாக மாட்டினால் அங்கே காற்று தங்கும். அப்புறம், புட் வால்வு சல்லடையில் பாசி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். செலவில்லாத வைத்தியம் அதுதான்.

சத்தம் தானாக நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். கேவிடேஷன் கூடக்கூடச் சத்தம் ஒரு உச்சம் வரை ஏறி, பிறகு இறங்கும். ஆவி நிறைய ஆகும்போது அதுவே மெத்தையாகி, நொறுங்கும் வேகத்தைத் தணித்துவிடும். அந்த நிலையில் ஓட்டமும் குறைந்திருக்கும். சத்தம் நின்று தண்ணீரும் குறைந்தால் நிலைமை மோசமாகியிருக்கிறது.

சுடுதண்ணீரில் சேதம் அதிகமா?

குமிழி வருவது சுலபமாகும். 80 டிகிரியில் ஆவியழுத்தமே ஏறக்குறைய 4.9 மீட்டரைச் சாப்பிட்டுவிடும். அனல் மின் நிலையங்களில், தண்ணீரில் கரைந்த காற்றை நீக்கும் டீஏரேட்டர் தொட்டியை உயரமான தளத்தில் வைப்பது இதற்காகத்தான். அதற்குள் இருக்கும் தண்ணீர் கொதிநிலையிலேயே நிற்பதால், கீழே உள்ள பம்புக்குக் கிடைப்பது அந்த உயரம் மட்டுமே.

ஆனால் சேதம் வெப்பத்தோடு கூடிக்கொண்டே போவதில்லை. தண்ணீரில் செய்த அரிப்புச் சோதனைகளில், உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் நடுவே, 50 டிகிரியை ஒட்டி உச்சம் வந்து, பிறகு இறங்குகிறது. சூடான தண்ணீரில் குமிழி வளர அதிக ஆவி வேண்டும். அதற்கான வெப்பத்தைச் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்தே எடுப்பதால் அந்த இடம் குளிர்ந்து, வளர்ச்சி தடைப்படும். நொறுங்கும்போதும் உள்ளே இருக்கும் ஆவி எதிர்த்து நிற்கும்.

கேவிடேஷனால் பெரிய விபத்து ஏதாவது நடந்திருக்கிறதா?

ஜப்பானின் எச்-2 ராக்கெட். 1999 நவம்பர் 15 அன்று தானேகாஷிமாவிலிருந்து கிளம்பிய எட்டாம் எண் ராக்கெட்டின் முதல் கட்ட எஞ்சின், சுமார் நான்கு நிமிடத்தில் திடீரென நின்றுபோனது. ராக்கெட்டைத் தரையிலிருந்து கட்டளை கொடுத்து அழிக்க வேண்டியதாயிற்று. காரணம் தெரிய எஞ்சின் வேண்டும். எஞ்சினோ ஒகசவாரா தீவுகளுக்கு அருகே, ஏறக்குறைய 3000 மீட்டர் ஆழத்தில் கடலடியில் கிடந்தது. தேடிக் கண்டுபிடித்து மேலே தூக்கினார்கள்.

பிரித்துப் பார்த்தபோது, திரவ ஹைட்ரஜனை உறிஞ்சும் பம்பின் முகப்பில் உள்ள திருகு வடிவ இண்டூசரில் ஒரு இறக்கை களைப்பால் உடைந்திருந்தது. நிமிடத்துக்கு 40,000 சுற்றுக்கு மேல் ஓடும் பம்பு அது. கேவிடேஷன் இறக்கைக்கு இறக்கை சமமாக இல்லாமல், ஒன்றில் பெரிதாகி, அடுத்ததுக்கு நகர்ந்து, சுற்றிச் சுற்றி வரும் நிலை ஒன்று உண்டு. அதனால் எழுந்த அழுத்த ஏற்ற இறக்கமும், நுழைவாயிலில் இருந்த வழிகாட்டி இறக்கைகளிலிருந்து வந்த அதிர்வும் சேர்ந்து உலோகத்தைக் களைக்கச் செய்தன என்று விசாரணையில் தெரிந்தது.

திரவ ஹைட்ரஜனில், மேலே சொன்ன குளிர்ச்சி விளைவு மிக வலுவாக இருக்கும். கேவிடேஷனை அதுவே நன்றாக அடக்கும். அப்படியும் இறக்கை போனது. குழி விழுவது மட்டும் சேதமாகாது, ஆவிப்பொதியின் ஆட்டமும் பம்பைக் கொல்லும் என்பதை உலகத்துக்கு உறைக்க வைத்த சம்பவம் இது.

நீர்மின் டர்பைன்களிலும் வருமா?

வரும். டர்பைனில் அழுத்தம் குறைந்த பக்கம் வெளியேறும் பக்கம், எனவே ரன்னர் எனப்படும் சுழலும் சக்கரத்தின் கடைசிப் பகுதி அரிபடும். 1920களில் ஜெர்மனியின் டீட்டர் தோமா இதற்கென ஒரு எண்ணை வகுத்தார். வெளியேறும் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே ரன்னரை வைக்க வேண்டும் என்பதை இன்றும் அந்த எண்ணை வைத்தே முடிவு செய்கிறார்கள். கோயம்புத்தூர் மாவட்டத்துக் காடம்பாறையில், தலா 100 மெகாவாட் கொண்ட நான்கு இயந்திரங்கள் பகலில் டர்பைனாகவும், மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் பம்பாகவும் ஓடும்படி கட்டப்பட்டவை. இப்படி இரண்டு வேலையும் பார்க்கும் இயந்திரத்தில், பம்பாக ஓடும்போதுதான் கேவிடேஷன் நெருக்கடி அதிகம். இந்த வகை நிலையங்களை நிலத்தடியில் ஆழமாக அமைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

காற்றை உள்ளே விட்டால் சேதம் குறையும் என்கிறார்களே?

உண்மைதான். காற்று சீக்கிரம் கரையாது, நொறுங்கும் அடியைத் தாங்கிக்கொள்ளும். 1953இல் பீட்டர்கா செய்த சோதனையில், தண்ணீரில் 7 சதவீத அளவுக்குக் காற்று கலந்தபோது கான்கிரீட்டில் அரிப்பு கிட்டத்தட்ட நின்றது. 1983 வெள்ளத்தில் அமெரிக்காவின் கிளென் கேன்யன் அணையில், உபரிநீர்ச் சுரங்கத்தின் கான்கிரீட்டைக் கேவிடேஷன் பெயர்த்து, பாறையில் 10 மீட்டர் அளவுக்கு ஆழமான பள்ளம் விழுந்தது. பழுது பார்த்தபோது, காற்றை உள்ளே இழுக்கும் பள்ளவளையம் ஒன்றைச் சுரங்கத்தில் சேர்த்தார்கள்.

பம்பில் இதை யோசித்துச் செய்ய வேண்டும். காற்று கூடினால் ஹெட் விழும், ப்ரைமிங் போகும், அதாவது பம்பு தண்ணீரை உறிஞ்சும் பிடிப்பை இழக்கும்.

எந்த உலோகம் தாங்கும்?

வார்ப்பிரும்பு மோசம். வெண்கலம் பரவாயில்லை. 13 சதவீதக் குரோமியம், 4 சதவீத நிக்கல் கொண்ட எஃகு நன்றாகத் தாங்கும், டர்பைன் ரன்னர்களில் அதிகம் புழங்குவதும் அதுதான். கோபால்ட் கலந்த ஸ்டெல்லைட் இன்னும் மேல். ஆனால் நாப் 1955இல் கண்டபடி, குழி விழும் வேகம் ஓட்டத்தின் வேகத்தில் ஏறக்குறைய ஆறாம் அடுக்காகக் கூடுகிறது. வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் அரிப்பு 77 சதவீதம் கூடும். பம்பின் வேகத்தைக் குறைக்க வாய்ப்பிருந்தால், உலோகத்தை மாற்றும் முன் அதைப் பாருங்கள்.

ஆராய்ச்சியில் இன்னும் தீராதது என்ன?

ஹெட் எங்கே சரியும் என்பதைக் கணினி இன்று நன்றாகவே சொல்லிவிடுகிறது. ‘இந்த இம்பெல்லர் ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் அரிபடும்’ என்று கேட்டால் நம்பகமான பதில் கிடைக்காது. குமிழியின் அளவு மைக்ரானில், நேரம் மைக்ரோ விநாடியில், உலோகம் களைப்பதோ மாதக்கணக்கில். மூன்றையும் ஒரே கணக்கில் கட்டுவது கடினம்.

இரண்டாவது, தண்ணீரின் தரம். 1950இல் பிரிக்ஸ், மிகச் சுத்தமான தண்ணீரை 10 டிகிரியில் மைனஸ் 277 பார் வரை இழுத்தும் அது அறுபடவில்லை என்று காட்டினார். சாதாரணத் தண்ணீர் அதில் நூறில் ஒரு பங்குகூடத் தாங்காது, அதில் கண்ணுக்குத் தெரியாத காற்று விதைகள் இருப்பதால். ஒரே பம்பு இரண்டு கூடங்களில் வேறு வேறு தொடக்க நிலையைக் காட்டுவது இதனால்தான். பரப்பை ஒட்டிய மெல்லிய ஓட்டப்படலமும் தொடக்கத்தை முடிவு செய்கிறது என்பதை 1973இல் அகோஸ்டாவுடன் சேர்ந்து காட்டியவர், பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய விஜய் அரகேரி.

கல்லூரி ஆய்வகத்தில் எதை வைத்துத் தொடங்கலாம்?

மூடிய தொட்டி, அதன் மேல் காற்றை உறிஞ்ச ஒரு வேக்குவம் பம்பு, சோதிக்க ஒரு சிறிய மையவிலக்குப் பம்பு, ஒளி ஊடுருவும் அக்ரிலிக்கில் சக்சன் பக்க மூடி, விட்டுவிட்டு வெளிச்சம் அடிக்கும் ஒரு ஸ்ட்ரோபோஸ்கோப். ஓட்டத்தை மாறாமல் வைத்துக்கொண்டு தொட்டியின் அழுத்தத்தைக் குறையுங்கள். முதல் குமிழி தெரியும் இடத்தையும், ஹெட் 3 சதவீதம் சரியும் இடத்தையும் தனித்தனியே குறியுங்கள். பிறகு இறக்கைகளில் மெல்லிய பெயின்ட் பூசி, அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே சில மணி நேரம் ஓடவிட்டு, பெயின்ட் உரிந்த இடங்களைப் படம் எடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் தண்ணீரின் வெப்பநிலையையும் கரைந்த ஆக்சிஜனையும் கட்டாயம் எழுதி வையுங்கள். அவை இல்லாத பதிவை வேறு எந்தப் பதிவோடும் ஒப்பிட முடியாது.